பழைய ஃபைபர் போட்: நடுவில் தண்ணீர் ஊறுகிறது, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை

பாமணிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மூன்று மாதத்துக்கு முன் 18 அடி ஃபைபர் போட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினும் கூடவே வந்தது. ஜாம்புவானோடையில் கோரையாற்றில் கட்டி வைத்திருக்கிறேன். தொழிலுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் தூண்டிலை எடுத்துக்கொண்டு முத்துப்பேட்டை லகூன் (காயல்) வரை போய்வருவோம், அவ்வளவுதான்.

பிரச்சினை இதுதான். ராத்திரி கட்டிவிட்டுப் போனால் காலையில் உள்ளே தண்ணீர் நிற்கிறது. பத்து லிட்டர் வாளியில் நான்கு வாளி இறைக்க வேண்டும். நடு இருக்கைக்கு இடது பக்கம், தரையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் ஊறுவது கண்ணுக்கே தெரிகிறது. பிசைந்து அப்பும் எபாக்சி வாங்கி அந்த இடத்தில் இரண்டு முறை அப்பிவிட்டேன். முதல் முறை ஒரு வாரம் நின்றது. இரண்டாம் முறை அப்பியதும் அங்கே நின்றுபோய், ஒரு முழம் தள்ளி வேறு இடத்தில் வர ஆரம்பித்துவிட்டது. போட்டுக்கு அடியில் ஆள் விட்டுத் தடவியும் பார்த்தாயிற்று. வெளியே விரிசல் எதுவும் தட்டுப்படவில்லை. என்ன செய்யலாம்?

டீக்கடை_பெஞ்சு

ஓட்டை வாயனுக்கு ஓட்டைப் படகு அமைவது வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூட்டிப் போவது மீன் பிடிக்கவா, தண்ணீர் இறைக்கவா?

கடுவையாறு

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே தண்ணீர் எட்டிப் பார்க்கிற இடம் வேறு, வெளியிலிருந்து நுழைகிற இடம் வேறு. நீங்கள் அடைத்தது நுழைவாசலை இல்லை, கொல்லைக் கதவை. அதனால்தான் அது அடுத்த கதவைத் தேடிப் போயிருக்கிறது. இனி உள்பக்கம் எதையும் அப்பாதீர்கள். இருக்கிற அடையாளமும் அழிந்துபோகும்.

சில கேள்விகள். சும்மா கட்டி வைத்திருக்கும்போதும் வருகிறதா, ஓட்டும்போது மட்டுமா? ஆள் ஏறினால் கூடுகிறதா? மழை பெய்த நாளில் மட்டும் அதிகமா? வருகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா? எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தான் செய்வார்கள். இனித்தால் மழைத் தண்ணீர், மேலே விளிம்பிலோ தளத்திலோ ஒழுகல். கரித்தால் கீழே ஓட்டை.

பாமணிக்காரன்

அண்ணே, சும்மா நிற்கும்போதும் வருகிறது. ஓட்டினால் இன்னும் வேகமாக வருகிறது. மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை, தார்ப்பாய் போட்டுத்தான் வைக்கிறேன். நக்கிப் பார்த்தேன். லேசாகக் கரித்தது. பெட்ரோல் வாசனையும் அடித்தது, அதற்குமேல் ஆராய்ச்சி செய்ய மனசு வரவில்லை.

அலையாத்தி_அக்கா

நாக்குச் சோதனை நாகப்பட்டினம் கடல்கரைக்குச் சரி. முத்துப்பேட்டையில் அதை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பாமணியாறும் கோரையாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது லகூன் தண்ணீரே பாதி நல்ல தண்ணீராக இருக்கும். கோடையில் உப்பு ஏறும். பறவை கணக்கெடுப்புக்கு ஆட்களை ஏற்றிப் போகிற போட்டைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். லேசாகக் கரித்தது என்றால் மழைக்காலத்தில் அதற்கு இரண்டு பொருளும் வரும்.

நான் செய்வது வேறு. போட்டின் உள்பக்கத்தைப் பழைய துணியால் துடைத்து, வெயிலில் சுத்தமாகக் காயவிடுங்கள். பிறகு தரையிலும் மூலைகளிலும் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டு போட்டைத் தண்ணீரில் இறக்குங்கள். ஆள் ஏறாமல் அரைமணி நேரம் கரையில் உட்கார்ந்திருங்கள். தண்ணீர் எங்கே முதலில் எட்டிப் பார்க்கிறதோ அங்கிருந்து மாவில் கருப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்றும் தெரிந்துவிடும். தண்ணீர் தேங்கிய பிறகு பார்த்தால் ஒன்றும் புரியாது. பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்கிறீர்களே, அதையும் கவனியுங்கள். பெட்ரோல் கலந்த தண்ணீரை ஆற்றில் இறைக்காமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோங்கள். அலையாத்திக் காட்டில் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கிற இடம் அது.

பழைய_வள்ளம்

எனக்கு வயது 71. கோடியக்கரை. எங்கள் அப்பா காலத்து வள்ளம் எல்லாம் மரம். கோடையில் கரையில் கிடந்து பலகை வற்றி, இடைவெளி விட்டுவிடும். பஞ்சைத் திரித்து உளியால் இடுக்கில் அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று பெயர். அதற்கென்றே ஆட்கள் உண்டு. அப்புறம் இரண்டு நாள் தண்ணீரில் மூழ்க வைத்தால் மரம் ஊதித் தானே பொருந்திக்கொள்ளும்.

ஃபைபர் அப்படியில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான் எங்கள் கரையில் இது எங்கு பார்த்தாலும் நிறைந்தது. இலேசு, வேகம், மறுப்பதற்கில்லை. ஆனால் மரத்தில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கும். இது உள்ளுக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொள்ளும். இரண்டு தோலும் நடுவில் ஒரு சதையும் இருக்கிற பொருள் அல்லவா.

நாகூர்_ஃபைபர்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் போட் கட்டும் பட்டறையில் 16 வருடமாக வேலை செய்கிறேன். பாமணிக்காரன், போட்டைக் கரைக்கு ஏற்றுங்கள். வெளியிலிருந்து உள்ளே தேடுவதைவிட உள்ளிருந்து வெளியே தேடுவது சுலபம். போட்டுக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

ஆனால் வாய் வரை ரொப்பிவிடாதீர்கள். போட் வெளியிலிருந்து தண்ணீர் தாங்கக் கட்டியது, உள்ளிருந்து தாங்க இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தரை 15 அடி நீளம், 4 அடி அகலம் என்று வையுங்கள். மூன்று அங்குலம் ஊற்றினால் 15 கன அடி, கிட்டத்தட்ட 425 கிலோ. ஆறு அங்குலம் என்றால் 850 கிலோ, ஒரு சின்ன காரே உள்ளே ஏறி உட்கார்ந்த மாதிரி. இரண்டு கட்டை மேல் தூக்கி வைத்துவிட்டு இதைச் செய்து நடுவில் முறித்துக்கொண்டவர்களும் உண்டு. மணல் மூட்டை அல்லது பழைய டயர் போட்டு நீளம் முழுக்கத் தாங்கல் கொடுங்கள். அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) கொஞ்சம் தாழ்வாக வைத்து முதலில் அங்கே ஊற்றுங்கள், பிறகு அணியத்துப் பக்கம் (முன்பக்கம்) தாழ்த்துங்கள். ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் வேண்டாம்.

கடல்கரையில் ஓடிய போட்டா என்று விசாரியுங்கள். எங்கள் பக்கம் டிராக்டரில் கட்டி மணல் மேல் இழுப்பார்கள். ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடியில் ஜெல்கோட் என்கிற வழவழப்பான மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி நார் வெளியே தெரியும். நார் தெரிந்தால் அது திரி மாதிரித் தண்ணீரை உறிஞ்சும். கையால் தடவினால் விரிசல் தெரியாது, சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான்.

வெண்ணாறு_இறால்

என் இறால் பண்ணையில் இருப்பது அலுமினியத் தட்டைப் படகு. அதில் ரிவெட் தளரும். உள்ளே தண்ணீர் ஊற்றினால் எந்த ரிவெட் என்று ஒவ்வொன்றாகக் கண்ணீர் விட்டுக் காட்டும். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். ஃபைபர்காரர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஷார்ஜா_தஞ்சாவூரான்

ஊர் தஞ்சாவூர், வேலை இங்கே ஒரு மரினாவில். உல்லாசப் படகு பழுதுபார்ப்புதான் தொழில். பெரிய படகோ சின்ன படகோ, ஒழுகல் என்றால் ஒரே இலக்கணம்தான்.

முதலில் அளவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அடித்தக்கையை (தண்ணீர் வடிக்கிற அடித்துளையின் மூடியை) போட மறந்து இறக்குகிறவர்களுக்கு நடப்பது இதுதான். அதே ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை என்றால் மணிக்கு நான்கு லிட்டர். உங்களுக்குப் பத்து மணி நேரத்தில் 40 லிட்டர், அதாவது மணிக்கு நான்கு. ஆக, நீங்கள் தேடுவது ஊசி சைஸ் ஓட்டை. ஆள் விட்டுத் தடவினால் அகப்படாததில் ஆச்சரியம் இல்லை.

இந்த அளவு ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் அடிப்பாகத்து உடல் இல்லை. மனிதன் துளை போட்ட இடங்கள்தான். அடித்தக்கை, அதன் பித்தளை வளையம், இன்ஜின் மாட்டிய போல்ட், தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் வெளிக்குழாய், யாரோ எதையோ திருகிய திருகு. பம்ப் குழாயைத் தனியாகப் பாருங்கள். வாய் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும், நாலு ஆள் ஏறினால் மூழ்கிவிடும். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் சைபன் அடித்து உள்ளே வரும். குழாயை மேலே தூக்கி ஒரு வளைவு கொடுத்து மாட்டினால் தீர்ந்தது. ஓடும்போது அதிகம் வருகிறது என்கிறீர்களே, எனக்கு இன்ஜின் பலகை மேல்தான் கண்.

பாமணிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பம்ப் இல்லை, நானும் வாளியும்தான். அதனால் அந்தச் சந்தேகம் போச்சு. போட் முதலில் கடல்கரையில் ஓடியதுதான், ஏரா அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது, ஆனால் நார் தெரியவில்லை.

அக்கா சொன்ன கோலமாவு வேலையை இன்று காலை செய்தேன். வீட்டில் மாவு டப்பாவைத் தூக்கியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அரைமணி நேரத்தில் இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று அடித்தக்கையைச் சுற்றி, சின்னதாக. இன்னொன்று நடு இருக்கையின் காலடியிலிருந்து கிளம்பி இடது மூலைக்கு ஓடியிருந்தது. நான் எபாக்சி அப்பிய இடம் வழியில்தான் இருக்கிறது, ஆரம்பம் அங்கே இல்லை! அடித்தக்கையின் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. புதிது போட்டேன். நாளைக் காலை எத்தனை வாளி என்று சொல்கிறேன்.

பாமணிக்காரன்

நான்கு வாளி மூன்று ஆனது. ஆக வாஷர் ஒரு வாளி. மீதி மூன்று?

அரசலாறு

காரைக்கால். இன்ஜின் மெக்கானிக். இருக்கையின் கால் எதில் திருகியிருக்கிறது? தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற கட்டையில்தான் இருக்கும். ஃபைபர் சுற்றிய மரக்கட்டை அது. அந்தக் கட்டை பின்னால் போய் எங்கே முட்டுகிறது? இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில். பின்பலகைக்குள்ளும் பிளைவுட். ஷார்ஜாக்காரர் சொன்னது சரியாக வரும் போலிருக்கிறது.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினைத் தூக்கி நிறுத்துங்கள். கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒருவர் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பலகை மூச்சு விடுகிற மாதிரி அசைந்தால் உள்ளே மரம் செத்துவிட்டது. ஐம்பது கிலோ இன்ஜின், அது தள்ளுகிற விசை, எல்லாம் அந்தப் பலகை மேல்தான். அப்புறம் சுத்தியலின் பின்பக்கத்தால் ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல இடம் டங்கென்று சொல்லும். ஊறிய இடம் தர்ப்பூசணியைத் தட்டிய மாதிரி மொத்தையாகச் சொல்லும்.

டீக்கடை_பெஞ்சு

தர்ப்பூசணி வாங்கத் தெரியாத ஆள் போட் வாங்கக்கூடாது என்கிறீர்கள்.

அரசலாறு

வாங்கும்போதே தட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. விலை பேசும்போது எல்லோரும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் கேட்கிறார்கள். போட்டின் உடலைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பவர் யாரும் இல்லை.

பாமணிக்காரன்

ஞாயிற்றுக்கிழமை கரைக்கு ஏற்றியாயிற்று. பதினொரு பேர், இரண்டு பாக்கெட் முறுக்கு, ஒரு டீ கேன். டயர் எட்டு போட்டுத் தாங்கல் கொடுத்தேன். அமரத்துப் பக்கம் தாழ்த்தி மூன்று அங்குலம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்தேன். ஏரா தேய்ந்த இடம் உட்பட எங்கும் ஒரு சொட்டுகூட இல்லை. அடித்தக்கையும் இறுக்கமாக இருக்கிறது. பின்பலகை வெளிப்பக்கம் பெயின்ட் லேசாக ஈரமாக இருக்கிற மாதிரி தெரிந்தது, ஆனால் அது ஊற்றும்போது வழிந்த தண்ணீராகவும் இருக்கலாம். மஞ்சள்தூள் கரைத்து ஊற்றலாமா என்று மச்சான் கேட்கிறார்.

நாகூர்_ஃபைபர்

மஞ்சள்தூள் வேண்டாம். கரையாது, வண்டலாக அடியில் நின்றுவிடும். ஊசி ஓட்டையாக இருந்தால் தூளே அடைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று ஏமாற்றும். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் போதாது, ராத்திரி முழுக்க விடுங்கள். மரத்துக்குள் புகுந்து சுற்றி வருகிற தண்ணீர் அவசரப்படாது. பின்பலகை வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளை ஒட்டி வையுங்கள். நீலம் எங்கே பட்டது என்று காகிதம் சொல்லும்.

கடுவையாறு

ஏற்கெனவே ஊற்றியதில் எவ்வளவு குறைந்தது என்றும் ஒரு குச்சியில் கோடு போட்டு வையுங்கள். வெயிலில் ஆவியாகிறதைக் கழித்துக்கொள்ள, பக்கத்தில் ஒரு தட்டில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வைத்தால் போதும். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பாமணிக்காரன்

கண்டுபிடித்தாச்சு!!!

காலையில் போனால் செய்தித்தாளில் நான்கு நீலப் பொட்டு. பின்பலகையின் வலது கீழ் மூலை, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், சதுரத்தின் நான்கு முனை மாதிரி. பெயின்ட்டைச் சுரண்டினேன். நான்கு திருகுத் துளை! இரண்டில் ஏதோ பசை அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மற்ற இரண்டில் பெயின்ட் மட்டும்தான். மீன் காட்டும் கருவியின் சென்சாரை அங்கே மாட்டியிருந்து, விற்கும்போது கழற்றிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. துளை பின்னால் இருக்கிறது. தண்ணீர் நடு இருக்கைக்கு எப்படி வந்தது?

ஷார்ஜா_தஞ்சாவூரான்

துளை பின்பலகையின் பிளைவுட்டுக்குள் போகிறது. அங்கிருந்து நீளக் கட்டைக்குள். மரத்துக்கும் மேலே சுற்றிய ஃபைபருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருக்கும், அது போதும் குழாயாக. துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியே தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரம் வரை உள்ளே தள்ளும். வழியில் முதலில் திறந்திருக்கும் வாய் எது? இருக்கையின் காலைத் திருகிய திருகு. அங்கிருந்து மூலைக்கு ஓடுகிற வழியை நீங்கள் எபாக்சியால் நெருக்கினீர்கள், அடுத்த வழிக்குப் போய்விட்டது. ஓடும்போது இன்ஜின் பலகையைத் தள்ளி நெளிக்கும், துளை கொஞ்சம் வாய் பிளக்கும், அதனால் கூடுதல். உங்கள் கதை முழுக்க இதில் அடங்கிவிட்டது.

அரசலாறு

துளையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள் தம்பி. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் ஊறுகாய் மாதிரி ஆகிவிடும். பின்பலகை எந்த மட்டத்துக்கு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். உள்பக்கத்திலிருந்து மட்டும், ஐந்து மில்லிமீட்டர் பிட் போட்டு, கீழிருந்து மேலே சாண் விட்டுச் சாண் துளையிடுங்கள். வெளித்தோலைத் தொடக் கூடாது, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வருகிற தூளைப் பாருங்கள். வெளிறிய காய்ந்த தூள் என்றால் பிழைத்தீர்கள். கருப்பாக, நாற்றத்தோடு, காபித்தூள் மண்டி மாதிரி வந்தால் அந்த மட்டம் வரை போச்சு.

பாமணிக்காரன்

கீழே முதல் துளையில் கருப்பு. இரண்டாவதில் ஈரம், ஆனால் நிறம் மாறவில்லை. மூன்றாவது காய்ந்த தூள். இன்ஜினை ஆட்டிப் பார்த்தேன், அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை. நீளக் கட்டையைத் தட்டினேன், பின்னால் இரண்டடிக்கு மொத்தை, மற்றது டங். தரைக்கு அடியில் ஃபோம் வேறு இருக்கிறது, அது ஊறியிருக்குமா?

நாகூர்_ஃபைபர்

தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துளை வெட்டி ஃபோமைக் கிள்ளிப் பாருங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் அதைக் காயவைக்க உங்கள் பேரன் காலத்திலும் முடியாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதுதான். ஊறிய ஃபோம் மிதக்க உதவாது, எடையைத்தான் கூட்டும். போட் முன்பைவிடத் தாழ்ந்து ஓடுகிறது என்று சிலர் இன்ஜினைக் குறை சொல்வார்கள், கடைசியில் ஃபோம்தான்.

பின்பலகைக்கு வருகிறேன். கருப்பான பகுதியை உள்பக்கத் தோலை வெட்டித் திறந்து சுரண்டி எடுங்கள். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும், வடிவம் கெடாது. புதுப் பலகை ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். கடையில் ஐ.எஸ். 303 பலகையைக் காட்டி "இதுவும் தண்ணி தாங்கும் சார்" என்பார்கள். அது வீட்டு அலமாரிக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் பழுதுக்கு ஏறிவிடும், பட்டறையில் உங்கள் முறை வராது. அதற்கு முன்னாலேயே வாருங்கள், இல்லையென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

பாமணிக்காரன்

நானே செய்கிறேன். பாலியஸ்டர் ரெசினா, எபாக்சியா?

நாகூர்_ஃபைபர்

பாலியஸ்டர். போட் கட்டியதே அதில்தான். விலையும் குறைவு, மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பும்) அதில் சுலபமாக நனையும்.

ஷார்ஜா_தஞ்சாவூரான்

மன்னிக்கவும், இங்கே நான் மாறுபடுகிறேன். புதிதாகக் கட்டும்போது பாலியஸ்டர் சரி, அடுக்குகள் பச்சையாக இருக்கும்போதே ஒன்றோடொன்று இரசாயனமாகப் பிணைந்துவிடும். பத்து வருடம் இறுகிய பழைய ஃபைபர் மேல் பூசும்போது வெறும் ஒட்டுதல்தான் மிச்சம். அதில் எபாக்சி பலம். மரத்தோடும் எபாக்சிதான் நன்றாக ஒட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே, மரத்தோடு சம்பந்தப்பட்ட ஒட்டு என்றால் எபாக்சிக்கே என் ஓட்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எபாக்சி போட்ட இடத்துக்கு மேல் பிறகு பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ சரியாகப் பிடிக்காது. மேலே பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். எபாக்சிக்கு அதற்கென்று உள்ள மேட் வாங்குங்கள், அல்லது நெய்த துணி. சாதாரண மேட்டின் பசை பாலியஸ்டரில் இருக்கிற ஸ்டைரீன் என்கிற திரவத்தில் கரைகிற மாதிரி செய்தது.

நாகூர்_ஃபைபர்

பலகைக்கு எபாக்சி என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஏரா தேய்ந்ததற்கும் எபாக்சி வாங்கினால் சொத்தை விற்க வேண்டும். அதற்குப் பாலியஸ்டரே போதும், நன்றாகத் தேய்த்து நார் தெரிய எடுத்துவிட்டு ஒட்டினால் எத்தனையோ போட் ஓடுகிறது.

எதைப் போட்டாலும் தேய்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. ஓட்டையை மட்டும் அடைத்தால் அது தக்கை, ஒட்டு இல்லை. ஃபைபர் தோலின் கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆகும், ஆக ஐந்து அடுக்கு. தேய்ப்பதற்கு முன்னால் அசிட்டோனால் துடையுங்கள். மெழுகையும் கிரீசையும் துடைக்காமல் தேய்த்தால் அதையே உள்ளே ஏற்றிவிடுவீர்கள்.

பாலியஸ்டர் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று. நம் பக்கம் ரெசின், ஆக்சிலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்துவது), கேட்டலிஸ்ட் (இறுக வைப்பது) என்று மூன்று பாட்டிலாகத் தருவார்கள். ஆக்சிலரேட்டரை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே மக்கில் இரண்டையும் அளக்கவும் கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். அளவு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். சித்திரை வெயிலில் ஒன்றே அதிகம், மக்கிலேயே கல்லாகிவிடும். எனக்கு ஒரு முறை கையில் மக்கு பொசுங்கியிருக்கிறது.

அலையாத்தி_அக்கா

ஒட்டுவதற்கு முன் ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்க மறந்துவிடுவீர்கள். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளைச் சுற்றிலும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காத நாள் வரும் வரை பொறுமை.

பழைய_வள்ளம்

எத்தனை நாள் ஆகும்?

அலையாத்தி_அக்கா

எங்கள் போட்டுக்கு பங்குனி வெயிலில் 19 நாள் ஆனது ஐயா. கார்த்திகையில் ஆரம்பித்திருந்தால் தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாமணிக்காரன்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். சுருக்கமாக.

ஃபோம் பின்னால் மூன்றடிக்கு ஊறியிருந்தது, எடுத்தேன். இரண்டு உரமூட்டைச் சாக்கு நிறைய வந்தது. தூக்கினால் கல் மாதிரி இருந்தது. பின்பலகையில் கீழே ஒன்றரைச் சாண் உயரம் வெட்டி எடுத்தேன். நீளக் கட்டையில் இரண்டடி. 22 நாள் காயவைத்தேன், நடுவில் ஒரு கோடை மழை வந்து தாளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போனது. புதுப் பலகை, எபாக்சி. வெளிப்பக்கத்து நான்கு துளையையும் சரிவாகத் தேய்த்து அடுக்குப் போட்டு மூடினேன். ஏராவுக்கு நாகூர் அண்ணன் சொன்னபடி பாலியஸ்டர். இன்ஜின் போல்ட் துளைகளைப் பெரிதாக்கி எபாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளையிட்டு மாட்டினேன், இனி போல்ட் ஓரம் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. அதைச் சொன்னது ஷார்ஜா அண்ணன், தனிச்செய்தியில். போல்ட்டைச் சுற்றி சிலிக்கான் வைக்க இருந்தேன், அதையும் அவர்தான் தடுத்து பாலியூரித்தேன் சீலன்ட் வாங்கச் சொன்னார். முதல் நாள் லேசாக இறுக்கி, மறுநாள் நட்டை மட்டும் திருப்பி முழுக்க இறுக்கினேன். முதல் நாளே முழுக்க இறுக்கியிருந்தால் பசை எல்லாம் வெளியே பிதுங்கியிருக்குமாம்.

இருக்கையை இப்போது கட்டையில் திருகவில்லை. தரை மேல் ஒரு ஃபைபர் மேடை போட்டு அதில் மாட்டியிருக்கிறேன்.

அரசலாறு

நல்ல வேலை. ஆனாலும் ஒரு கூர் சீவிய மெல்லிய மரத் தக்கையும், கிரீஸ் தடவிய துணிச் சுருளும் போட்டிலேயே இருக்கட்டும். நடு லகூனில் ஏதாவது ஆனால் துணியைச் சுற்றித் தக்கையை அடித்துவிட்டு, ஆட்களை எல்லாம் எதிர்ப்பக்கம் உட்காரவைத்து ஓட்டையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

டீக்கடை_பெஞ்சு

மச்சானை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று இப்போது தெரிந்துவிட்டது.

பாமணிக்காரன்

நேற்று சாயங்காலம் தண்ணீரில் இறக்கினேன். அக்கா பாணியில் தரை முழுக்கக் கோலமாவு தூவி, தார்ப்பாய் போட்டு, பதினொரு மணி நேரம் விட்டேன். காலையில் போய்த் தூக்கிப் பார்த்தால் மாவு தூவியது தூவியபடி காய்ந்து கிடக்கிறது. ஒரு நண்டு மட்டும் குறுக்கே நடந்து போயிருக்கிறது, கால் தடம் வரிசையாகத் தெரிகிறது.

கடுவையாறு

சந்தோஷம் தம்பி. ஆனால் நண்டு எந்த ஓட்டை வழியாக வந்தது?

பாமணிக்காரன்

நங்கூரக் கயிறு வழியாக அண்ணே. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.